பங்கிட அமர்ந்த பதினாறு தேசங்கள்

1947ஆம் வருஷம் ஜனவரிக் கடைசியில் பிரிட்டனில் பெய்யத் தொடங்கிய பனி, மார்ச்சு மாதம் பாதி கழியும் வரையில் அத்தேசத்தை விட்டு அகலவில்லை. சுரங்கங்களில் வெட்டி எடுத்த நிலக்கரி மின்சார நிலையங்களுக்குப் போய்ச் சேர வழியின்றி ரயில் பாதைகளிலேயே முடங்கிக் கிடக்க, தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தியும் வீடுகளுக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரம் வெட்டியும் அரசாங்கம் காலந்தள்ளிற்று. யுத்தம் நடந்த ஆறு வருஷ காலமும் பங்கீட்டுக்கு உட்படாதிருந்த ரொட்டி, யுத்தத்தில் வென்ற பிறகு, 1946 ஜூலையில், பங்கீட்டு அட்டைக்குள் வந்துவிட்டிருந்தது. பிரான்சில் அக்குளிர்காலம் கோதுமைப் பயிரைப் பாழாக்கியதன் பலனாக, அந்நியர் ஆண்ட நாட்களில் கிடைத்ததைக் காட்டிலும் குறைவான ரொட்டியே ஜனங்களுக்குக் கிடைத்தது. ஜெர்மனியிலோ நாணயத்தின் மீது எவருக்கும் நம்பிக்கை இல்லாமற்போய், அமெரிக்க சிகரெட்டே நாணயமாகப் புழங்கிற்று. உலகத்தின் பெரும்பகுதியைத் தன் ஆளுகைக்கு உட்படுத்திப் பழகிய ஒரு கண்டம், அடுத்த மாதத்துக் கோதுமைக்கு யாரிடம் கையேந்துவது என்று எண்ணவேண்டிய நிலைக்கு வந்திருந்தது.

அக்காலத்து ஐரோப்பாவில் உழைக்கும் கைகளுக்கும் தொழில் நுட்பத்துக்கும் பஞ்சமில்லை. இடிந்தவை போக எஞ்சிய யந்திரங்களும் கணிசமாகவே இருந்தன. கோதுமையும் பருத்தியும் எண்ணெயும் யந்திர உறுப்புகளும் அமெரிக்காவிலிருந்தே வரவேண்டியிருந்தன என்பதும், அவற்றுக்கு டாலராகவே விலை கொடுக்கவேண்டும் என்பதும், டாலர் ஈட்டுவதற்கு விற்கக்கூடிய சரக்கு ஐரோப்பியரிடம் இல்லை என்பதும், அச்சரக்கை உற்பத்தி செய்வதற்கோ முதலில் அந்தக் கோதுமையும் பருத்தியும் எண்ணெயும் வேண்டும் என்பதுமான ஒரு வட்டத்துக்குள் அவர்கள் அகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் விற்று வாங்கியாவது பிழைக்கலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. ஒரு தேசத்தின் நாணயத்தை மற்றொரு தேசம் ஏற்காத காரணத்தால், இரண்டிரண்டு தேசங்களாகச் சேர்ந்து ஏறத்தாழ 200 உடன்படிக்கைகளைச் செய்துகொண்டு, நீ இவ்வளவு இரும்பு தந்தால் நான் இவ்வளவு வெண்ணெய் தருவேன் என்ற பண்டமாற்றில் அவர்களுடைய வியாபாரம் நடந்து வந்தது.

இந்நிலையில் அமெரிக்க ராஜாங்க மந்திரி ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5ஆம் தேதி ஹார்வர்டு சர்வகலாசாலையில் நிகழ்த்திய சுருக்கமான பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவோர், அமெரிக்காவின் தாராளத்தையே பெரிதும் எடுத்துரைப்பார்கள். அப்பிரசங்கத்தில் தொகை எதுவும் சொல்லப்படவில்லை. திட்டம் எதுவும் விவரிக்கப்படவில்லை. எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்த முறையில் வேண்டும் என்பதை அமெரிக்கா தானாகவே தீர்மானித்து அனுப்புவது முறையாகாது. ஐரோப்பிய தேசங்கள் தமக்குள் கலந்து பேசி, எல்லோருக்கும் பொதுவான ஒரு திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டு வரவேண்டும் என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் எத்தனையோ தேசங்கள் எத்தனையோ தேசங்களுக்கு உதவி செய்திருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மார்ஷல் திட்டத்தின் உயிர்நிலை பணத்தைவிட இந்த ஒரு நிபந்தனையில்தான் அடங்கியிருந்தது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

அந்த நிபந்தனை எவ்வளவு கடினமானது என்பது சில வாரங்களுக்குள்ளேயே தெரிந்தது. பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி பெவினும் பிரெஞ்சு மந்திரி பிடோவும் சோவியத் மந்திரி மொலொட்டோவைப் பாரிசுக்கு அழைத்து யோசனை நடத்தியபோது, ஒவ்வொரு தேசமும் தனக்கு வேண்டியதைத் தனித்தனியே கேட்டுப் பெறலாமே தவிர, தன்னுடைய பொருளாதாரக் கணக்குகளைப் பிறர் முன் விரித்து வைப்பது சுதந்திரத்துக்கே இழுக்கு என்று வாதாடிய மொலொட்டோவ், ஜூலை 2ஆம் தேதி வெளியேறினார். முதலில் இசைந்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவும் மாஸ்கோவின் நிர்ப்பந்தத்துக்குப் பணிந்து விலகிற்று. பனிப்போரின் சரித்திரத்தில் இது ஒரு முக்கியமான அத்தியாயம் என்பதை அனைவரும் அறிவர். சோவியத்தின் கோபத்துக்கு அரசியல் காரணங்கள் பல உண்டென்றாலும், கணக்கைத் திறந்து காட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியில் அது வந்து முட்டிற்று என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

எஞ்சிய 16 தேசங்கள் ஜூலை 12ஆம் தேதி பாரிசில் கூடின. கிளாஸ்கோவில் ஒழுக்கத் தத்துவம் போதித்த பேராசிரியராகிய ஆலிவர் பிராங்க்ஸ் அம்மாநாட்டை நடத்திச் சென்றார். ஒவ்வொரு தேசத்துக்கும் வினாப் பட்டியல்கள் அனுப்பப்பட்டன: உங்களிடம் எத்தனை டன் நிலக்கரி கிடைக்கும், எவ்வளவு எஃகு உருக்க முடியும், எவ்வளவு தானியம் விளையும், எவ்வளவு குறையும்? அவரவர் எழுதிக்கொடுத்த தேவைகளைக் கூட்டிப் பார்த்தபோது நான்கு வருஷத்துக்கு 2,900 கோடி டாலர் என்று வந்தது. இவ்வளவு பெரிய தொகையை அமெரிக்கச் சட்டசபை ஒருநாளும் ஒப்பாது என்ற எச்சரிக்கை வரவே, மறுபடியும் உட்கார்ந்து கழித்துக் கழித்துச் சுமார் 2,200 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். முடிவில் செலவானது ஏறக்குறைய 1,300 கோடி டாலர்; அதில் மிகப் பெரும்பகுதி திருப்பித் தரவேண்டாத மானியம்.

1948 ஏப்ரல் 3ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஸ்டூட்பேக்கர் மோட்டார் கம்பெனியின் தலைவராக இருந்த பால் ஹாப்மன் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அதே மாதம் 16ஆம் தேதி பாரிசில் ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு ஸ்தாபனம் பிறந்தது. முப்பத்தேழு வயதுகூட நிரம்பாத ராபர்ட் மார்ஜொலின் என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் அதன் காரியதரிசியானார். ஸ்தாபனம் தொடங்கிச் சில வாரங்களுக்குள், முதல் வருஷத்து உதவியை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் வேலையை அமெரிக்கர்கள் இவர்கள் தலையிலேயே சுமத்திவிட்டார்கள். தனக்கு வரும் மானியம் குறைந்தால்தான் அடுத்தவனுக்குக் கூடும் என்ற நிலையில், நேற்றுவரை ஒருவரையொருவர் குண்டு வீசி அழித்த தேசங்கள் உட்பட எல்லோரும் ஒரே மேஜையில் அமர்ந்து பாகப் பிரிவினை செய்துகொள்வது என்றால் அது லேசான காரியமா? நான்கு பேர் கொண்ட ஒரு சிறு கமிட்டியின் முன் ஒவ்வொரு தேசத்தின் பிரதிநிதியும் வந்து தன் வரவு செலவை வைத்து வாதாடினார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். இவ்வளவு எண்ணெய் எதற்கு, இந்த யந்திரத்தைப் பெல்ஜியத்திலேயே வாங்கலாமே, சென்ற வருஷம் விளைந்த தானியத்தை ஏன் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்ற ரீதியில் விசாரணை சென்றது. அந்தப் பங்கீட்டில் ஒருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. இரண்டாம் வருஷம் பூசல் முற்றிப்போய், மார்ஜொலினும் பெல்ஜியத்தின் ஸ்னோய் பிரபுவும் இருவராக அமர்ந்து ஒரு கணக்கை எழுதிக் கொடுக்க, அதை எல்லோரும் ஏற்கவேண்டியதாயிற்று. ஆயினும் பங்கிட்டார்கள், பங்கிட்டதைச் சகித்துக்கொண்டார்கள். ஒரு தேசத்து நிதி மந்திரியின் அறைக்கு வெளியே அதுவரை போகாத கணக்குகள், பதினாறு தேசத்து உத்தியோகஸ்தர்களின் கையில் புழங்கத் தொடங்கின.

உதவி எப்படி ஊருக்குள் வந்து சேர்ந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பிரான்சில் ஒரு குடியானவருக்கு அமெரிக்க டிராக்டர் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது அவருக்கு இனாமாக வருவதில்லை. உள்ளூர் வியாபாரியிடம் தன் பிராங்கு நோட்டுகளை எண்ணிக் கொடுத்துத்தான் அவர் அதை வாங்குவார். அமெரிக்கத் தொழிற்சாலைக்கு டாலரில் சேரவேண்டிய விலையை வாஷிங்டன் கொடுத்துவிடும். அப்படியானால் குடியானவர் செலுத்திய பிராங்கு எங்கே போயிற்று? அது பிரெஞ்சு அரசாங்கத்தின் பெயரில் தனியாக ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இந்த ஈட்டு நிதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அமெரிக்காவின் நிர்வாகச் செலவு முதலியவற்றுக்குப் போக, பாக்கி தொண்ணூற்றைந்தையும் இரு அரசாங்கங்களும் கலந்து பேசி இசைந்த காரியங்களுக்கு அந்த தேசமே செலவிட்டுக்கொண்டது. ஆக ஒரே டாலர் இரண்டு தரம் வேலை செய்தது: முதலில் டிராக்டராக வயலில் இறங்கிற்று, பிறகு பிராங்காக மாறி மின்சார அணையாகவும் ரயில் பாதையாகவும் நிலக்கரிச் சுரங்கமாகவும் வளர்ந்தது. ழான் மொனே வகுத்த பிரெஞ்சுப் புனர்நிர்மாணத் திட்டத்துக்கு இந்நிதி பெருந்துணையாயிற்று. பிரிட்டன் பெரும்பாலும் தன் உள்நாட்டுக் கடனைக் குறைக்க இதைக் கொண்டது. மேற்கு ஜெர்மனியர் 1948இல் புனர்நிர்மாணக் கடன் வங்கி ஒன்றை நிறுவி, இந்நிதியைக் கடனாகக் கொடுத்து, வட்டியோடு வசூலித்து, மறுபடியும் கடனாகவே கொடுத்து வந்தார்கள். அந்த வங்கி இன்றைக்கும் நடக்கிறது, மார்ஷல் திட்டத்து முதலும் இன்றைக்கும் அங்கே தனி நிதியாகச் சுழன்றுகொண்டிருக்கிறது.

இதனினும் மேலானதாக நான் கருதுவது 1950இல் ஏற்பட்ட ஐரோப்பியக் கொடுக்கல் வாங்கல் யூனியன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலுள்ள சர்வதேசத் தீர்வை வங்கிக்கு, ஒவ்வொரு தேசமும் மற்ற ஒவ்வொரு தேசத்தோடும் அந்த மாதத்தில் தனக்கு ஏற்பட்ட பற்று வரவை அறிவித்துவிடும். டென்மார்க்கு ஜெர்மனிக்குத் தரவேண்டியது, ஜெர்மனி பிரான்சுக்குத் தரவேண்டியது, பிரான்சு டென்மார்க்குக்குத் தரவேண்டியது எல்லாவற்றையும் அந்த வங்கி ஒன்றுக்கொன்று கழித்து, ஒவ்வொரு தேசத்துக்கும் யூனியனோடு மட்டும் ஒரே ஒரு பாக்கி நிற்கும்படி செய்துவிடும். அந்தப் பாக்கியிலும் ஒரு பகுதியைத் தங்கமாகவோ டாலராகவோ கட்டினால் போதும்; மறுபகுதி ஒரு வரம்புக்குட்பட்டுக் கடனாக நிற்கலாம். இதற்கு நடைமுறை முதலாக அமெரிக்கா கொடுத்தது 35 கோடி டாலர்தான். அந்தச் சிறிய தொகையைக் கொண்டு, முன்னே சொன்ன இருநூறு பண்டமாற்று உடன்படிக்கைகளின் சிக்கல் அவிழ்ந்து, ஐரோப்பியர் தமக்குள் தாராளமாக வியாபாரம் செய்ய வழி பிறந்தது.

யூனியன் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே அதற்குச் சோதனை வந்தது. கொரியா யுத்தத்தினால் மூலப் பொருள்களின் விலை ஏறவே, ஜெர்மானியத் தொழிலதிபர்கள் அவசரம் அவசரமாக வாங்கிக் குவித்ததில், மேற்கு ஜெர்மனிக்கென்று வகுத்திருந்த 32 கோடி டாலர் வரம்பு 1950ஆம் வருஷம் முடிவதற்குள் தீர்ந்துபோகும்போல் ஆயிற்று. யூனியனின் நிர்வாக சபை ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஜேக்கப்சன், பிரிட்டனைச் சேர்ந்த அலெக் கேர்ன்கிராஸ் என்ற இரண்டு நிபுணர்களை அனுப்பி நிலைமையை விசாரித்து, வட்டி விகிதத்திலும் வரியிலும் இன்னின்ன சீர்திருத்தம் செய்வதாக இருந்தால் 12 கோடி டாலர் விசேஷக் கடன் தருகிறோம் என்றது. யுத்தம் முடிந்து ஐந்தே வருஷமான காலத்தில், ஹாலந்தும் பிரான்சும் நார்வேயும் அமர்ந்திருந்த ஒரு சபை ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தது. 1951ஆம் வருஷத்தின் நடுவுக்குள் அக்கடன் திருப்பிச் செலுத்தப்பட்டும் விட்டது. பொருளாதாரக் கொள்கையில் ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசப்படும் பதத்துக்கு இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்ஷல் உதவியின் அளவு, பெற்ற தேசங்களின் வருஷாந்தர வருமானத்தில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதையும், ஐரோப்பாவின் எழுச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் காட்டி, அவ்வுதவி இல்லாவிட்டாலும் ஐரோப்பா எழுந்திருக்கும் என்று வாதிட்ட ஆலன் மில்வர்டு போன்ற சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் சத்தியம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பணத்தின் கனத்தைக் கொண்டு மட்டும் அந்த வெற்றியை விளக்கிவிட முடியாது என்பதையே அவ்வாதமும் நிலைநாட்டுகிறது. அமெரிக்காவின் சுயநலமும் அதில் கலந்திருந்தது. சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பல்களில்தான் செல்லவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த மேஜையைச் சுற்றி அமர்ந்த பிரிட்டன், பிரான்ஸ், ஹாலந்து, பெல்ஜியம், போர்ச்சுகல் ஆகியவை அப்பொழுதும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடானுகோடி ஜனங்களை ஆண்டுகொண்டிருந்தன என்பதும், அந்த ஜனங்களின் கணக்கு அந்த மேஜையில் எஜமானர்களின் கணக்கோடு சேர்த்தே எழுதப்பட்டது என்பதும் மறைக்கக்கூடாத குறைகள். இக்குறைகளையெல்லாம் கண்ட பின்பும், பெறுவோரே கூடிப் பங்கிட்ட அந்த ஏற்பாட்டின் மேன்மை குன்றவில்லை.

ஆசியாவில் அப்படியொரு முயற்சி நடக்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1950 ஜனவரியில் காமன்வெல்த்து வெளிநாட்டு மந்திரிகள் கொழும்பில் கூடியபோது உருவாகி, 1951 ஜூலையில் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தில், கொடுக்கும் தேசங்களும் பெறும் தேசங்களும் ஒரே ஆலோசனைக் கமிட்டியில் அமர்ந்தன. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் அயல்நாட்டுப் பயிற்சி கிடைத்தது அதனால்தான். ஆனாலும் பணத்தைப் பொறுத்தமட்டில் அது இரு தேசங்களுக்கிடையே தனித்தனியாக நடந்த ஏற்பாடாகவே நின்றுவிட்டது.

ஐரோப்பா நிமிர்ந்து நின்ற பிறகு, பாரிஸ் ஸ்தாபனத்துக்கு வேலை குறைந்தது. 1960 டிசம்பர் 14ஆம் தேதி அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 20 தேசங்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையினால், 1961 செப்டம்பர் முதல் அது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி ஸ்தாபனமாக மறுபிறவி எடுத்தது. அதன் அங்கமாக அபிவிருத்தி உதவிக் கமிட்டி ஏற்பட்டது. ஒரு பெரிய மாறுதல் இங்கேதான் நிகழ்ந்தது. அப்போது அதை அதிகம்பேர் கவனித்ததாகத் தோன்றவில்லை. 1948இல் மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் வாங்குகிறவர்கள். 1961இல் அமர்ந்தவர்கள் கொடுக்கிறவர்கள். யாருக்காக அந்தக் கமிட்டி ஏற்பட்டதோ அந்த ஆசிய ஆப்பிரிக்க தேசங்களுக்கு அதில் ஆசனம் இல்லை.

அக்கமிட்டி செய்த நற்காரியங்களை மறுப்பது நியாயமன்று. எதை உதவி என்று சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு 1969இல் அது ஓர் இலக்கணம் வகுத்தது. ராணுவச் சாமான்களும், லாபத்தை நோக்கிய ஏற்றுமதிக் கடன்களும் அந்தக் கணக்கில் சேராதபடி வேலி போட்டது. உறுப்பு தேசமொன்றின் உதவிக் கொள்கையை வேறு இரண்டு உறுப்பு தேசங்கள் பரிசோதித்து அறிக்கை எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தி, மார்ஷல் காலத்துக் குறுக்குக் கேள்வியின் ஒரு சாயலைக் காப்பாற்றி வைத்தது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்கவேண்டும் என்று 1970 அக்டோபரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தீர்மானித்தது. ஸ்வீடனும் நெதர்லாந்தும் 1974இல் அந்த அளவை எட்டின. பின்னர் நார்வேயும் டென்மார்க்கும் எட்டின. பிரிட்டன் 2013இல் எட்டி, 2021இல் தானே 0.5க்கு இறங்கிக்கொண்டது. உறுப்பு தேசங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த இலக்கில் பாதியை ஒட்டியே அவர்கள் உழன்றுகொண்டிருக்கிறார்கள்.

தொகை குறைந்தது ஒருபுறம் இருக்க, கொடுத்த முறையில் நேர்ந்த கேடு அதைவிடப் பெரிது. பணம் எங்களுடையது, ஆகையால் பம்புகளையும் லாரிகளையும் எங்கள் தேசத்துக் கம்பெனிகளிடமே வாங்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வரும் உதவியினால், அதே சாமானை உலகச் சந்தையில் வாங்குவதைக் காட்டிலும் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை விலை கூடுகிறது என்று அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியே கண்டது. மிக வறிய தேசங்களுக்குச் செல்லும் உதவியிலிருந்து இக்கட்டை அவிழ்க்கும்படி கமிட்டி சிபார்சு செய்ய 2001 வரை ஆயிற்று. ஒவ்வொரு தேசமும் தன் பம்பைத் தள்ளிவிட்டால், ஒரே ஜில்லாவில் நாலு தேசத்துப் பம்புகள், நாலு விதமான உதிரிப் பாகங்கள். ஒன்று பழுதானால் மற்றொன்றின் உறுப்பு அதற்குப் பொருந்தாது.

நம் தேசத்தின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் அந்நியச் செலாவணி வற்றிப்போகவே, 1958 ஆகஸ்டில் உலக வங்கியின் தலைமையில் அமெரிக்காவும் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் கனடாவும் ஜப்பானும் வாஷிங்டனில் கூடி, இந்தியாவுக்கு உதவும் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. கொடுப்போர் அனைவரும் கூடிப் பேசுவதில் நமக்கு நன்மையும் இருந்தது. ஆயினும், மேஜையின் ஒருபுறம் முழுவதும் கடன் கொடுத்தவர்கள், மறுபுறம் இந்தியா ஒன்றே என்ற நிலையில், 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 4.76 ரூபாய் என்பதை 7.50 ஆக்கியதைப் போன்ற முடிவுகள், நல்லவையோ கெட்டவையோ, ஜனங்களின் கண்ணுக்கு வெளியிலிருந்து வந்த கட்டளையாகவே பட்டன. கூட்டமைப்புக்கு வெளியே நின்ற சோவியத்தோ தனியாக வந்து கொடுத்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டிய ராட்சதச் சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நிலக்கரியை எரித்த அனல்மின் நிலையம் சோவியத்தின் துணையோடு எழுந்தது. உலகத்தில் எங்கும் ஒரே மேஜையில் அமரச் சம்மதிக்காத இருவருடைய யந்திரங்களையும் தென்னார்க்காட்டு மண்ணில் ஒன்றுக்கொன்று இசைவாக ஓட்டிக் காட்டியது நம்முடைய பொறியாளர்களும் தொழிலாளர்களும்தான்.

அமெரிக்கக் கோதுமையின் கதை ஈட்டு நிதியின் கதையோடு நேராகச் சேருகிறது. 1954ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்றின்கீழ், பி.எல். 480 என்று அந்நாளில் வீட்டுக்கு வீடு அறியப்பட்ட ஏற்பாட்டில், கப்பல் கப்பலாக வந்த கோதுமைக்கு நாம் ரூபாயில் விலை செலுத்தினோம். ஐரோப்பாவில் அத்தகைய பணம் பெற்ற தேசத்துக்கே சொந்தமாக இருந்தது; இங்கேயோ அந்த ரூபாய்க்கு அமெரிக்கா சொந்தக்காரர். அதில் பெரும்பகுதி நமக்கே கடனாகத் திரும்பி வந்தது என்றாலும், ஆண்டுக்காண்டு வட்டியோடு வளர்ந்து, இந்தியாவின் பணத்தில் பெரும் பங்கு அந்நியர் கையில் என்ற கிலேசத்தை உண்டாக்கிற்று. கடைசியில் 1974 பிப்ரவரியில், அமெரிக்கத் தூதர் டேனியல் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே ஒரு செக்கை எழுதி இந்திய அரசாங்கத்தின் கையில் கொடுத்து அந்தக் கணக்கில் பெரும் பகுதியை முடித்தார். மார்ஷல் திட்டத்திலும் பி.எல். 480இலும் பணம் ஒரே தேசத்தினுடையதுதான், கோதுமையும் ஒரே வயல்களில் விளைந்ததுதான். கணக்கு யார் கையில் இருந்தது என்பதில் மட்டுமே வேற்றுமை. அந்த ஒரு வேற்றுமை, ஒரு கண்டத்தில் நன்றியையும் மற்றொரு தேசத்தில் மனக்கசப்பையும் விளைவித்தது.

இத்தவறு உணரப்படாமல் இல்லை. 2005 மார்ச்சில் பாரிசில் வெளியான பிரகடனம், பெறும் தேசமே தன் அபிவிருத்திக்கு வழி வகுக்கவேண்டும் என்றும், கொடுப்போர் அதன் வழியே செல்லவேண்டும் என்றும், இரு தரத்தாரும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் கூறிற்று. அக்ராவிலும் பூசானிலும் நடந்த மாநாடுகள் அதை மீண்டும் உறுதி செய்தன. மார்ஷல் ஒரு சிறு பிரசங்கத்தில் சொன்னதை நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் மறுபடியும் கண்டுபிடிக்க ஐம்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்தும், அதை நடத்திக் காட்டுவதற்குள் பணமே சுருங்கத் தொடங்கிவிட்டது. கென்னடி 1961இல் நிறுவிய அமெரிக்க உதவி இலாகா 2025இல் கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024இல், கமிட்டி தேசங்களின் மொத்த உதவி அவர்களுடைய வருமானத்தில் 0.33 சதவீதத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. மருந்தையும் தடுப்பூசியையும் இவ்வுதவியினால் பெற்று வந்த ஏழைக் குழந்தைகளை எண்ணும்போது மனம் பதறுகிறது.

கடன் விஷயத்திலும் இதே பாடத்தைக் காணலாம். மேற்கு ஜெர்மனியின் பழைய அந்நியக் கடன்களைத் தீர்ப்பதற்காக 1953 பிப்ரவரி 27ஆம் தேதி லண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கடன்பட்ட ஜெர்மனி மேஜையில் சம ஆசனம் பெற்றுப் பேசிற்று. ஹெர்மன் யோசப் ஆப்ஸ் என்ற வங்கியாளர் அதன் சார்பில் வாதாடினார். அரசாங்கங்களும் தனியாரும் கொடுத்த கடன்கள் யாவும் ஒரே இடத்தில் பேசப்பட்டு, ஏறத்தாழப் பாதி தள்ளுபடியாயிற்று. மீதியையும் ஜெர்மனி தன் ஏற்றுமதியின் உபரியிலிருந்து கட்டவேண்டும் என்று வைத்ததனால், கடன் கொடுத்தவர்களே ஜெர்மானியச் சரக்கை வாங்கவேண்டிய அக்கறை அவர்களுக்கு உண்டாயிற்று. அவ்வுடன்படிக்கையில் கடன் கொடுத்தோர் பக்கத்தில் கையொப்பமிட்ட தேசங்களின் வரிசையில் கிரீஸ் இருந்தது, பாகிஸ்தான் இருந்தது, சுதந்திரம் பெற்று ஐந்தே வருஷமான இலங்கையும் இருந்தது.

அந்த இலங்கை 2022 ஏப்ரலில் தன் அந்நியக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஜனங்கள் இரவும் பகலும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், இந்தியா கடன் வசதிகளும் எரிபொருளும் அளித்ததோடு, 1974இல் ஏற்பட்ட ஆசியத் தீர்வை யூனியனின் வழியாக இலங்கை நமக்குச் செலுத்தவேண்டியிருந்த பாக்கியையும் தள்ளி வைத்தது. முன்னே சொன்ன ஐரோப்பிய யூனியனின் தம்பியைப்போல் பிறந்த அந்த ஸ்தாபனம், தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தேசங்களின் கொடுக்கல் வாங்கலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழித்துக் கட்டி வந்தது. ஐரோப்பியருக்கு இருந்ததுபோல் கடன் வரம்பும், நிபுணரை அனுப்பி விசாரிக்கும் சபையும் அதற்கு வலுவாக அமைந்திருந்தால், ஆபத்து முற்றுவதற்கு முன்பே அண்டை தேசங்கள் அதை உணர்ந்து கைகொடுத்திருக்கக் கூடும்.

பிறகு நடந்த கடன் சீரமைப்பில் இலங்கைக்கு ஒரே மேஜை வாய்க்கவில்லை. இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் இணைந்து தலைமை வகித்த கடன் கொடுத்தோர் கமிட்டி ஓர் அறையில். அதில் ஜெர்மனியும் ஓர் உறுப்பு தேசம். சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி தனியே வேறோர் அறையில். கடன் பத்திரம் வாங்கியிருந்த தனியார் முதலீட்டாளர்கள் மூன்றாவது அறையில். முதலிரு தரப்போடும் 2024 ஜூன் 26ஆம் தேதி உடன்பாடு கையொப்பமாயிற்று. பத்திரக்காரர்களோடு முடிவதற்கு அவ்வருஷம் டிசம்பர் ஆயிற்று. மூன்று அறைகளிலும் ஏறி இறங்கிய இரண்டரை வருஷ காலத்தில், விலைவாசியும் வரியும் ஏறியதன் பாரத்தைச் சுமந்தவர்கள் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் முதல் கொழும்பு நகரத்துக் குமாஸ்தா வரையுள்ள சாதாரண ஜனங்களே. ஜெர்மனிக்கு அன்று கிடைத்தது இலங்கைக்கும் ஜாம்பியாவுக்கும் கானாவுக்கும் கிடைக்கவேண்டுமானால், சீனாவும் தனியார் பத்திரக்காரர்களும் கடன்பட்ட தேசமும் ஒரே மேஜையில், ஒரே கணக்கின் முன் அமரவேண்டும். கட்டவேண்டிய தவணையை லண்டனில் செய்ததுபோல் ஏற்றுமதி உபரியோடு பிணைக்கவேண்டும். அதற்கான கோரிக்கையை முதலில் எழுப்பும் உரிமை, 1953இல் லண்டனில் கையொப்பமிட்ட இலங்கைக்கு வேறு எவரையும்விட அதிகமாக உண்டு. 1958இல் மேஜையின் மறுபுறம் தனியாக அமர்ந்திருந்து பின்னர் கடன் கொடுத்தோர் கமிட்டியின் தலைமையில் அமர்ந்த இந்தியா, அக்கோரிக்கைக்குத் துணை நிற்கக் கடமைப்பட்டிருக்கிறது.